கிறீச்சொலியின் காரணம் காணல்

புகையைக் கண்டு நெருப்பை அறிதல் கருதலளவை என்பர் தருக்க நூலார். மோட்டார் வண்டியில் எழும் கிறீச்சொலியைக் கேட்டு அதன் மூலத்தை அறிதலும் அவ்வளவையின்பாற்பட்டதேயாம். ஒலி எங்கிருந்து வருகின்றது என்று முதற்கண் தேடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். இரும்பின் வழியே ஒலி எளிதிற் பரவுமாதலின், பின்சில்லருகே பிறந்தது முன்னிருக்கையின் கீழ்க் கேட்டலுங் கூடும். ஆகவே, ஒலி எப்பொழுது எழுகின்றது என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

கிறீச்சொலி பிறக்குமாறு யாதெனின், ஒன்றோடொன்று அழுந்திய இரு பரப்புகள் பற்றுதலும் வழுக்குதலுமாக மிக விரைந்து அதிர்தலாம். வில் உராய வயலின் நரம்பு ஒலிப்பதும் இம்முறையானே.

நெளுக்குளத்திலிருந்து வவுனியா நகருக்கு நாடோறும் சென்று மீளும் வண்டியொன்றைக் கொள்வோம். வன்னியின் கோடைப் புழுதியும் மாரி ஈரமும் அதனை ஒருசேரத் தாக்குவன. வண்டி நிற்க, எஞ்சின் மாத்திரம் ஓடும்போது ஒலி எழுமாயின், முன்புறத்துப் பட்டியை ஐயுறல் வேண்டும். கை படாது விலகி நின்று பட்டியின் உட்புறத்திற் சிறிது நீர் தெளிக்க, ஒலி சற்றே அடங்கி மீளுமாயின் கப்பிகள் நேராக அமையவில்லை. மிகுமாயின் பட்டி தளர்ந்து வழுக்குகின்றது.

சில்லின் சுழற்சியோடு ஒத்து எழும் ஒலிக்குப் பிறேக்கை ஆராய்க. மழைக்கு மறுநாட் காலை எழுந்து, சிலமுறை பிறேக் மிதித்ததும் மறையும் ஒலி தட்டிற் படிந்த மென்றுருவால் வந்தது, அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து வருவதோ வேறு. பிறேக் கட்டை தேய்ந்து மெலிந்ததும் தட்டைத் தீண்டி ஒலிக்குமாறு பல வண்டிகளிற் சிறு உலோக நாவொன்று அமைக்கப்பட்டுள்ளது. அவ்வொலி பழுதன்று; எச்சரிக்கை.

மேடுபள்ளத்தில் மாத்திரம் எழும் ஒலிக்கு, நின்ற வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுக. மற்றொருவர் செவிகொடுத்துக் கேட்க. ஐயுற்ற றப்பர் மூட்டில் நீர் தெளிக்க ஒலி நிற்குமாயின் காரணம் அதுவே. ஆங்கு எண்ணெய் இடலாகாது. அது றப்பரைக் கெடுக்கும். 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளில் முன்சில்லைத் தாங்கித் திருப்பும் புரிமூட்டுக்குத் தவறாது கிறீஸ் ஊட்டல் வேண்டும். அது வறண்டு தேய்ந்து கழலுமாயின் ஓடும்போதே சில்லு சரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க. அஃதுள்வழி ஒலி உண்டு, இல்வழி இல்லை என்று உடன்பாட்டானும் எதிர்மறையானும் தெளிந்த பின்னரே உறுப்பை மாற்றுதல் தக்கது. அவ்வாறு செய்யின் நல்ல உறுப்பைக் கழித்துப் பொருளிழத்தலும், தீய உறுப்பை விட்டு உயிரிழத்தலும் நேரா.