சோயாபால் கடையில் பேசிய சம்பந்தம்

வெளிநாட்டில் காலூன்றிய தொழிலதிபர்கள் தாய்நாட்டுக்கும் குடியேறிய நாட்டுக்கும் பாலமாக இருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். ஜனவரி 9-இல் மத்திய அரசு அவர்களைக் கொண்டாடுகிறது. ஜனவரி 12-இல் தமிழ்நாடு அயலகத் தமிழர் தினம் நடத்துகிறது. பொன்னாடை, புரிந்துணர்வு ஒப்பந்தம், குழுப் புகைப்படம். எல்லாம் சரி, அந்தப் பாலத்தின் மேல் உண்மையில் போய்வருவது என்ன? பணம் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். பணம் அனுப்ப வங்கி போதுமே. இதற்குத் தெளிவான விடை வேண்டுமென்றால் தைவானைப் பார்க்க வேண்டும்.

1974 பிப்ரவரி 7. தைபே நகரில் ஒரு சின்ன சோயாபால் கடையில் ஏழு பேர் காலைச் சிற்றுண்டிக்குக் கூடினார்கள். ஆறு பேர் அரசாங்கத்து ஆட்கள். அவர்களில் ஒருவர் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான். ஏழாமவர் பான் வென்-யுவான், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த பொறியாளர். மலிவான கூலியை நம்பித் துணியும் பொம்மையும் ரேடியோவும் செய்து ஏற்றுமதி செய்யும் நாடு அடுத்து எதில் இறங்கலாம் என்பதுதான் பேச்சு. சிப் செய்யலாம் என்றார் பான். எத்தனை வருடம் ஆகும்? நான்கு. எவ்வளவு செலவாகும்? ஒரு கோடி டாலர். அமைச்சர் தலையசைத்தார்.

பான் அந்தத் திட்டத்தில் போட்டது முதலீடு இல்லை. ஆர்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவில் இருந்த சீன வம்சாவளிப் பொறியாளர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். குழு கூடியது அவருடைய நியூ ஜெர்சி வீட்டில். அவர் சம்பளம் வாங்கவில்லை. எந்த அமெரிக்க நிறுவனம் தொழில்நுட்பத்தை மூடிய பெட்டியாக விற்றுவிட்டுப் போகும், எது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும், எந்த முறை சில வருடத்தில் பழசாகிவிடும் என்பதெல்லாம் தைபேயில் இருந்த அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. அந்தத் துறைக்குள்ளேயே இருபது முப்பது வருடம் புழங்கியவருக்குத்தான் தெரியும்.

கடைசியில் ஆர்.சி.ஏ.வுடனேயே 1976-இல் ஒப்பந்தமானது. ஏப்ரலில் முதல் அணியாக 19 இளைஞர்கள் பயிற்சிக்கு அமெரிக்கா போனார்கள். அடுத்த ஆண்டே தைவானின் சின்ச்சு நகரில், அரசுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு மாதிரி ஆலை ஓடத் தொடங்கியது. முதலில் செய்தது கைக்கடிகாரத்துக்கான சிப். பழுதில்லாமல் தேறும் சிப்புகளின் விகிதத்தில், சொல்லிக் கொடுத்த ஆர்.சி.ஏ.வையே சீக்கிரம் முந்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தக் காலத் தைவான், படித்த பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாடு. 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் தளர்த்திய பிறகு, தைவான் தேசியப் பல்கலையில் இடம் பிடிப்பது, முடித்ததும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவது என்பதே மாணவர்களின் கனவாக இருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. சென்னையிலும் இதே புலம்பல் கேட்ட காலம் அது. தைவான் அவர்களைத் துரோகிகள் என்று திட்டவுமில்லை, திரும்பி வாருங்கள் என்று கண்ணீர் விடவுமில்லை. இருந்த இடத்திலேயே வைத்து வேலை வாங்கிக்கொண்டது. திரும்ப நினைத்தவர்களுக்குக் கதவையும் திறந்து வைத்தது.

1979 ஜனவரி 1-இல் அமெரிக்கா பெய்ஜிங் அரசை அங்கீகரித்து, தைவானுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டது. முறைப்படியான தூதர் கிடையாது, கொடி கிடையாது. ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பரில் சின்ச்சுவில் அறிவியல் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டு பல்கலைக்கழகங்களும் அந்த ஆய்வு நிறுவனமும் பக்கத்திலேயே. வரிச்சலுகை உண்டு, அது எல்லா நாட்டுத் தொழிற்பேட்டையிலும் உண்டு. என் கண்ணில் பட்டது வேறு: பூங்காவுக்குள் குடியிருப்பு கட்டினார்கள்; 1983-இல் ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார்கள். அதில் ஆங்கிலமும் சீனமும் சேர்ந்த இருமொழிப் பிரிவு உண்டு. கலிபோர்னியாவில் நான்காம் வகுப்பு படித்த பிள்ளைக்குச் சீன எழுத்து வராது. அதைக் காரணம் காட்டியே ஒரு குடும்பம் திரும்பாமல் இருந்துவிடும். இதை யோசித்துப் பள்ளி கட்டிய அதிகாரி யாரோ, முதலீட்டாளர் மாநாடு நடத்துகிறவரைவிட விவரமானவர்.

இனி மாரிஸ் சாங். அமெரிக்கச் சிப் நிறுவனமான டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு இருந்து உயரத்துக்குப் போனவர். 1985-இல், 54 வயதில், அந்த ஆய்வு நிறுவனத்தின் தலைமைக்குத் தைவான் அழைத்தது. பிறந்தது சீனாவின் நிங்போவில். 18 வயதில் அமெரிக்கா போனவர். தைவானில் அவர் அதற்குமுன் வாழ்ந்ததே இல்லை. பானும் அப்படியே, சீனாவில் பிறந்தவர். தாய்நாட்டுப் பாசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாற வேண்டியிருக்கும்.

1987-இல் சாங் தொடங்கியது டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனம். பணத்தில் ஏறக்குறையப் பாதி அரசு நிதி, கால் பங்குக்குச் சற்று மேல் நெதர்லாந்தின் பிலிப்ஸ். இன்டெல் முதலீடு செய்ய மறுத்தது. அவர் பழைய நிறுவனமும் மறுத்தது. யோசனை அவ்வளவு விசித்திரமாக இருந்தது. சொந்தமாக ஒரு சிப்பும் வடிவமைக்க மாட்டோம், அடுத்தவர் வரைந்து கொடுத்ததைச் செய்து தருவோம், அவ்வளவுதான். வடிவமைப்பைக் கொடுப்பது என்றால் நிறுவனத்தின் ரகசியத்தையே தூக்கிக் கொடுப்பது. பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம், பெயர் தெரியாத ஆலைக்கு யார் கொடுப்பார்கள்?

சம்பந்தம் பேசும்போது இரு வீட்டையும் அறிந்த பெரியவர் ஒருவர் நடுவில் இருந்தால் பேச்சு எப்படி நகருமோ, அதுதான் இங்கே நடந்தது. பிறகு இரண்டு வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டியவர் என்பதால் அவர் பொய் சொல்ல மாட்டார் என்று இரண்டு வீட்டாரும் நம்புவார்கள். இன்டெல்லின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி குரோவைச் சாங் முன்பே அறிவார். முதலீடு செய்யாத அதே இன்டெல், ஆலையைச் சோதித்துச் சான்று தர ஆள் அனுப்பியது. வந்தவர்கள் குறைகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். ஆலை அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்து சான்று வாங்கியது. அறிமுகத்தால் கிடைத்தது சோதிக்கப்படும் வாய்ப்பு மட்டுமே. தேறியது ஆலையின் உழைப்பு. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். செல்வாக்குள்ள உறவுக்காரர் இருந்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துக் கைகட்டி உட்கார்ந்த ஊர்கள் நிறைய.

அந்தப் பக்கம் கலிபோர்னியாவிலும் ஆட்கள் சங்கமாகக் கூடினார்கள். தைவானின் மிக உயர்ந்த மலையின் பெயரைத் தாங்கிய மோன்ட்டே ஜேட் சங்கம் 1989-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொடங்கியது. இந்தியர்கள் உள்ளிட்ட தெற்காசியர்கள் அங்கே டை என்ற அமைப்பைத் தொடங்கியது 1992-இல். வெளியே இருந்து பார்த்தால் விருந்து, பேச்சு, விசிட்டிங் கார்டு. உள்ளே நடப்பது ஆளை எடைபோடுவது: இவன் சொன்ன தேதியில் சரக்குத் தருவானா, அவளிடம் பணம் போடலாமா. ஆய்வாளர் அன்னாலீ சாக்ஸேனியன் 1999-இல் வெளியிட்ட கணக்குப்படி, 1980 முதல் 1998 வரை அங்கே தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஏறக்குறைய கால்வாசி, சீன அல்லது இந்திய வம்சாவளியினரின் தலைமையில் இருந்தன. அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் தாய்நாட்டைப் பற்றிய விசாரிப்பு ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும்.

குடியேறிய நாட்டுக்கு இதில் என்ன லாபம்? தைவானில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போன ஜென்சன் ஹுவாங், 1993-இல் நண்பர்களோடு என்விடியாவைத் தொடங்கினார். சிப் ஆலை கட்ட அவரிடம் பணமில்லை; கட்டத் தேவையும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் டி.எஸ்.எம்.சி. செய்து கொடுத்தது. ஏ.எம்.டி.யின் தலைவர் லிசா சூவும் தைவானில் பிறந்தவர்தான். சொந்த ஆலை இல்லாமலே சிப் வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனங்கள் இன்று இத்தனை இருப்பதற்குக் காரணம் சின்ச்சு. போனவர்களைப் பறிகொடுத்த நாடும் பெற்றது, அவர்கள் குடியேறிய நாடும் பெற்றது.

இப்படிச் சொன்னதும் எல்லாம் சுபம் என்று தோன்றலாம். ஆனால் அனுபவம் என்பது ஆளோடு போகிற சொத்து. எந்தத் திசையில் போகும் என்று அரசு ஆணை போட முடியாது. தைவானில் வளர்ந்து, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பழகிய ரிச்சர்ட் சாங், 2000-இல் ஷாங்காயில் எஸ்.எம்.ஐ.சி. என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கினார். தைவானிலிருந்து பொறியாளர்கள் கூட்டமாகப் போனார்கள். டி.எஸ்.எம்.சி. வழக்குப் போட்டது, சமரசமானது, மறுபடி மோதியது. எந்த நம்பிக்கை தைவானை வளர்த்ததோ அதே வகை நம்பிக்கை இப்போது போட்டியாளரை வளர்த்தது. குடியேறியவர்களின் விசுவாசம் யார் பக்கம் என்ற சந்தேகப் பார்வை இன்று வாஷிங்டனிலும் இருக்கிறது, தைபேயிலும் இருக்கிறது. அதன் சுமை நேர்மையாக வேலை பார்க்கும் சாதாரணப் பொறியாளரின் தலையில்தான் விழுகிறது.

இதற்கிடையே வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. 2020-இல் டி.எஸ்.எம்.சி. அரிசோனாவில் 1,200 கோடி டாலருக்கு ஆலை கட்டுவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் மொத்தத் தொகை 16,500 கோடி டாலராக ஏறியிருந்தது. அங்கே வேலைக்கு எடுத்த அமெரிக்க இளைஞர்கள் பயிற்சிக்காகத் தைவானுக்கு அனுப்பப்பட்டார்கள். தைவான் பொறியாளர்கள் குடும்பத்தோடு அரிசோனாவின் ஃபீனிக்ஸில் குடியேறினார்கள். வேலை நேரம், அதிகாரி பேசும் தோரணை என்று உரசல்கள் எழுந்தன. அமெரிக்காவில் செய்தால் செலவு பாதிக்குப் பாதி கூடும் என்று மாரிஸ் சாங்கே 2022-இல் சொல்லியிருந்தார். இரண்டு நாட்டையும் அவரளவு அறிந்த ஆள் வேறு இல்லை. இருந்தும் கட்டுகிறார்கள்: சிப்பை வாங்குகிற பெரிய வாடிக்கையாளர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள், இறக்குமதி வரி போடப்போவதாக மிரட்டிய அரசும் அங்கேயே இருக்கிறது.