குழலுக்குள் நடக்கும் குலுக்கல்

ஒரே டேங்க், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த குண்டுகள், குறியையும் அசைக்கவில்லை. ஆனாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் தட்டியில் ஐந்து குண்டும் ஐந்து இடத்தில் துளை போட்டிருக்கும். காற்றின் மேல் பழி போடலாம். ஆனால் கோளாறில் கணிசமான பங்கு குழலுக்குள்ளேயே பிறந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டேங்கிலுள்ள 120 மி.மீ. பீரங்கியின் குழல் ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம். கவசம் துளைக்கும் மெல்லிய குண்டு அதைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. வெளிவரும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர். அந்த எஃகுக் குழலும் முழு நேர்கோடாக இருப்பதில்லை. தன் எடையாலேயே முனை சற்றுத் தாழும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் வளையும். அதற்காகவே மேலே வெப்ப உறை மாட்டுகிறார்கள். இந்த வளைவுகளினூடே பாயும் குண்டு சுவருக்குச் சுவர் இடித்து ஆடுகிறது. அதன் எடைமையம் மயிரிழை விலகியிருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். குழலும் பதிலுக்கு நெளிகிறது. வெளியேறும் கணத்தில் பக்கவாட்டில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம், அதாவது நாம் நடக்கும் வேகம்கூட இல்லை, ஒட்டிக்கொண்டாலே போதும்: இரண்டு கிலோமீட்டரில் குண்டு ஒரு மீட்டருக்கு மேல் விலகிவிடும்.

இதைக் கணிக்கப் பொறியாளர்கள் குழலை வளையும் உத்தரமாகவும், குண்டு சுவரைத் தொடும் இடங்களை ஸ்பிரிங்குகளாகவும் கணினியில் அமைக்கிறார்கள். ஆனால் எந்தக் குண்டில் எவ்வளவு குறை என்று யாருக்குத் தெரியும்? அங்கே கைகொடுப்பது மான்டி கார்லோ முறை. எடைமைய விலகல், ஏற்றும்போது விழுந்த சாய்வு, வெடிமருந்தின் வெப்பநிலை என ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் குலுக்கி ஒரு மதிப்பை எடுத்து, கணினி ஒருமுறை சுட்டுப் பார்க்கும். மறுபடி குலுக்கும். இப்படி ஆயிரம் தடவை. கிடைக்கும் புள்ளிகளின் சிதறல்தான் விடை. அடுத்த குண்டு எங்கே விழும் என்பதை அது சொல்லாது. எந்தக் குறையைத் திருத்தினால் சிதறல் சுருங்கும், எதற்குக் காசு செலவழிப்பது வீண் என்பதைச் சொல்லிவிடும். என்னைக் கேட்டால், தொழிற்சாலைக்கு அதுதான் வேண்டும். ஆனால் நிஜக் குண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து வைத்தவர் இல்லாவிட்டால், குலுக்குவதற்குச் சீட்டே இருக்காது.

ஒரு வேடிக்கை: பீரங்கிச் சுடு அட்டவணைகளுக்காகவே அமெரிக்க ராணுவம் கட்டவைத்த எனியாக் கணினியில், 1948இல் ஓடிய முதல் மான்டி கார்லோ கணக்குகள் அணுகுண்டு ஆய்வுக்கான நியூட்ரான்களைப் பற்றியவை.

இந்தச் சிதறலை மனதில் வைத்தே, அந்த ராணுவம் இப்போது வழக்கமாக ஏப்ரம்ஸ் டேங்குகளின் குறியைத் தனித்தனியே சுட்டுத் திருத்துவதில்லை. ஒவ்வொரு குண்டு வகைக்கும், எல்லா டேங்குகளுக்கும் பொதுவாக ஒரே திருத்த எண்ணை டேங்கின் கணினியில் ஏற்றுகிறது. நாலைந்து குண்டுகளை மட்டும் நம்பித் திருத்தினால், அவற்றின் தற்செயல் ஆட்டத்தையே பீரங்கியின் குணமென்று எடுத்துக்கொள்ள நேரும்.