அறுபத்தைந்து ஆண்டு ஞாபகம்

1846இல் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளைத் தட்டம்மை தாக்கியது. கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு தச்சரிடமிருந்து தொற்றியது. சுமார் 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவரான பீட்டர் பானுமுக்கு அப்போது வயது 25. ஊர் ஊராக விசாரித்துப் போனவர் கண்ணில் ஒன்று பட்டது. சிறியவர் பெரியவர் பாராமல் எல்லோரையும் வளைத்த அம்மை, சில முதியவர்களை மட்டும் தொடவே இல்லை. 1781இல் அங்கே தட்டம்மை வந்தபோது, சிறு வயதில் அதைக் கண்டு தேறியவர்கள் அவர்கள். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் தீவுகளில் தட்டம்மையே கிடையாது. அன்று தப்பித்த முதியவர்களோ இப்போது மாட்டிக்கொண்டார்கள்.

ஒரே ஒருமுறை வந்த கிருமியை உடம்பு இத்தனை காலம் எப்படி நினைவில் வைத்திருந்தது?

கிருமியின் எந்தப் பகுதியை உடம்பு அந்நியம் என்று பிடித்துக்கொள்கிறதோ, அதுதான் ஆன்டிஜென். அதைக் கவ்விப் பிடிக்கும் புரதம் ஆன்டிபாடி. ஆன்டிஜென் வந்த பிறகு, அதன்மேல் படிந்து, அதன் வடிவத்துக்கேற்ப ஆன்டிபாடி மடிகிறது என்று 1940இல் லைனஸ் பாலிங் சொன்னார். தையல்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பது மாதிரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடம்பு நடத்துவது ரெடிமேட் கடை. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவத்தை முன்கூட்டியே ஏந்தித் திரிகிறது. கிருமி வந்ததும் அதற்குப் பொருந்தும் செல் மட்டும் பெருகுகிறது. இதை 1957இல் முன்வைத்த மக்ஃபார்லேன் பர்னெட், அதிகம் பேர் படிக்காத ஓர் ஆஸ்திரேலிய இதழில்தான் வெளியிட்டார். தவறானால் யார் கண்ணிலும் படாது, சரியானால் முந்தியவர் என்ற பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாராம்!

மனிதருக்கு இருப்பதே சுமார் 20,000 ஜீன்கள். கோடிக்கணக்கான வடிவங்கள் எங்கிருந்து வரும்? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆய்வு செய்த சுசுமு டொனெகாவா 1976இல் விடை கண்டார். பி செல்கள் வளரும்போது தம் டிஎன்ஏவையே துண்டுதுண்டாக வெட்டி, செல்லுக்குச் செல் வேறு விதமாக ஒட்டிக்கொள்கின்றன. 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படி உருவாகும் செல்களில் பெரும்பாலானவை தமக்குரிய கிருமியைச் சந்திக்காமலே மடிந்துபோகும். எனக்கு இதில் பிடித்ததே இந்த ஊதாரித்தனம்தான். இதுவரை உலகில் இல்லாத கிருமிக்கும் பொருத்தமான ஒரு செல் எங்கோ காத்திருக்கக் காரணம் அதுவே.

நோய் தணிந்ததும், பெருகிய செல்களில் பெரும்பாலானவை இறக்கின்றன. சில, நினைவுச் செல்களாகத் தங்குகின்றன. வேறு சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி, பல்லாண்டுகள் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி தன் மேற்பரப்பை மாற்றி இந்தக் காவலை ஏய்த்துவிடும். தட்டம்மை வைரஸால் அது முடிவதில்லை. ஃபாரோ முதியவர்கள் தப்பித்தது அதனால்தான்.

ஆனால் அந்த வைரஸிடம் வேறொரு கைவரிசை உண்டு. நினைவுச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட 77 குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு இது: பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம்வரை காணாமல் போயிருந்தன. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு தென்படவில்லை.