மின் இணைப்போடு இடம் மாறும் தண்ணீர்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் இருந்தும், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் கிணறுகளையே பெரிதும் நம்பியுள்ளன. இது கடினப் பாறை நிலம் என்பதால், நீர் பாறைக்கு மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒரு கிணறு வற்றிய நிலையிலும் சற்றுத் தள்ளிப் போடப்படும் ஆழ்துளைக் கிணற்றில் நீர் கிடைப்பதுண்டு. அவ்வாறு இடம் மாறும்போது பழைய கிணற்றின் உரிமையும் உடன் மாறுகிறதா என்பதற்கான விடை, நீர்ச் சட்டத்தைவிட மின்வாரிய விதிகளிலேயே தெளிவாகக் கிடைக்கிறது.

தன் நிலத்தின் அடியில், வரையறுத்த கால்வாயாக ஓடாத நீரை எடுத்துப் பயன்படுத்துவது நில உரிமையாளரின் உரிமை என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் விளக்குகிறது. பிறர் நிலத்துக் கிணற்றில் ஒருவருக்குள்ள இறைப்புப் பாத்தியம் அந்த நிலத்தின் மீதான வசதியுரிமையாக அமையும்போது, அதைப் பயன்பெறும் நிலத்திலிருந்து பிரித்துத் தனியே கைமாற்றக் கூடாது என்று அதே ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் தடுக்கிறது. எனவேதான் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் கூட்டுக் கிணற்றின் பங்கும், முறை வைத்து இறைக்கும் நாள்களும் நிலத்தோடு சேர்த்தே எழுதப்படுகின்றன.

நடைமுறையில் இந்த உரிமைக்கு உயிர் கொடுப்பது மின் இணைப்பாகும். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கிய இலவச மின்சாரம் பின்னர் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. இணைப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் பட்டியல் நீண்டதால், 2021-இல் ஓர் இலட்சம் புதிய இணைப்புகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிணறு வற்றினாலோ நிலம் கையகப்படுத்தப்பட்டாலோ இணைப்பை வேறு கிணற்றுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்போது நிலச் சான்றும், மோட்டாரின் திறனும், கம்பம் நடும் செலவும் பார்க்கப்படுகின்றனவே தவிர, பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் அந்த மாற்றத்துக்கான நிபந்தனையாக இல்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதற்கு நேர்மாறான முறை உள்ளது. 1931-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டப்படி, உரிமையை வேறு கிணற்றுக்கு மாற்ற விரும்புவோர் மாநிலப் பொறியாளரிடம் விண்ணப்பித்து, அதைப் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும். அண்டை உரிமையாளர்கள் ஆட்சேபிக்கலாம். பிறர் உரிமைக்குக் கேடு நேருமெனில் அனுமதி மறுக்கப்படும்.

தமிழ்நாடும் கிணறுகளைப் பதிவுசெய்து, புதிய கிணறுகளுக்கு அனுமதி வழங்கும் நோக்கில் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டத்தை இயற்றியது. எனினும், அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. மாநிலம் பகுதி வாரியாக நிலத்தடி நீரைக் கணக்கிட்டு, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதிகளை வகைப்படுத்துகிறது. ஆனால் அந்தக் கணக்கு, வேளாண் கிணறு இடம் மாறும் தருணத்தில் கைகொடுப்பதில்லை.

கல்வராயன் மலைமேல் சிக்கல் வேறு வகையானது. நீருரிமை நிலத்தோடு ஒட்டியிருப்பதால், பட்டா இல்லாத நிலத்தை உழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இணைப்புக் கேட்பதற்கான அடிப்படையே உறுதியற்றதாக உள்ளது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமையோ வாரிசுகளுக்குச் செல்லுமே அன்றி விற்பனைக்கு உரியதன்று.

மின் இணைப்பை மாற்றும் விண்ணப்பத்துடன் அப்பகுதியின் நிலத்தடி நீர் அறிக்கையையும், அருகிலுள்ள கிணற்றுக்காரர்களுக்கான அறிவிப்பையும் கட்டாயமாக்குவதற்குப் புதிய அலுவலகம் தேவையில்லை. மின்சாரத்தையும் நிலத்தடி நீரையும் கவனிக்கும் இரு துறைகள் ஒன்றின் கணக்கை மற்றொன்று பார்த்தாலே போதும். அதை அரசு உடனே செய்ய வேண்டும்.