சிவந்து போன வால்வு: ஒரு கிட்டார் ஆம்ப் ரிப்பேர் கதை

இந்த எபிசோட் என் நண்பனோட கிட்டார் ஆம்ப் பற்றியது. ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பேசப்போற பெட்டிக்குள்ள 350 வோல்ட் டிசி ஓடுது. சுவிட்சை அணைச்சு ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அது கெப்பாசிட்டர்கள்ல தங்கியிருக்கும். அதனால இதைக் கேட்டு முடிச்ச கையோட யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அவன் போன் பண்ணினான். "மச்சான், ஆம்ப்பை வித்துடலாம்னு இருக்கேன்டா." மூணு வருஷம் காசு சேர்த்து அமெரிக்காவுல இருந்து வாங்கின ஆம்ப் அது. பிரச்சினை இதுதான்: ஆன் பண்ணி இருபது நிமிஷம் அற்புதமா வாசிக்கும். அப்புறம் ஒரு ஹம் கிளம்பும், பேஸ் நோட்டெல்லாம் சேறு மாதிரி கலங்கும், சத்தம் படுத்துடும். அணைச்சு ஆற விட்டா மறுபடியும் இருபது நிமிஷம். ஒரு கடையில கொடுத்தான். முதல்ல பவர் வால்வு ரெண்டையும் மாத்தினாங்க. ரெண்டு வாரத்துல அதே கதை. ரெண்டாவது தடவை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்னு சொன்னாங்க. அவங்க சொன்ன தொகை அவனோட சம்பளத்துல பாதி. சனிக்கிழமை அவனுக்கு ஷோ வேற.

பூட்டிக் ஆம்ப் என்பது ஒருத்தரோ ரெண்டு பேரோ ஒரு சின்னப் பட்டறையில உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரையும் கையால பத்தவச்சுச் செய்யறது. இதுல ரிப்பேர்காரருக்கு இருக்கிற தலைவலி, பெரும்பாலும் சர்க்யூட் வரைபடம் கிடைக்காது. இந்த உலகத்தோட பெரிய பெயர்கள்ல ஒருத்தரான அலெக்ஸாண்டர் டம்பிள், தன் சர்க்யூட்டை யாரும் பார்த்து காப்பி அடிக்கக் கூடாதுன்னு அது மேல எப்பாக்ஸியை ஊத்தியே மூடிட்டு இருந்தார். நல்லவேளையா நண்பனோட ஆம்ப்பைச் செஞ்சவருக்கு அவ்வளவு ரகசியம் இல்லை. திறந்து பார்த்ததும் புரிஞ்சது: ரெண்டு 6வி6 பவர் வால்வு, ஒரு 5ஒய்3 ரெக்டிஃபையர், பவர் வால்வு ரெண்டுக்கும் பொதுவா ஒரே ஒரு 250 ஓம் ரெசிஸ்டர். 1950களின் நடுவுல வந்த ஃபெண்டர் டீலக்ஸ், 5இ3ன்னு சொல்ற சர்க்யூட், அப்படியே. அதோட வரைபடம் எங்கேயும் கிடைக்கும். பூட்டிக்னு சொல்றதுல பாதி இப்படிப் பழைய சர்க்யூட்டை நல்ல கைவேலையோட திரும்பச் செய்யறதுதான். அதை நான் குறையாச் சொல்லலை.

இது 120 வோல்ட் ஆம்ப். நம்ம 230 வோல்ட்டுல நேரா மாட்டினா கதை முடிஞ்சது, அதனால ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியா ஓடுது. அதுக்கும் முன்னாடி, நம்ம எலக்ட்ரீஷியன்கள் வச்சிருக்கிற சீரீஸ் போர்டு: 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு. வால்வுகளைக் கழட்டிட்டு ஆன் பண்ணினேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆகியிருந்தா பல்பு முழுசா எரிஞ்சுகிட்டே இருக்கும். ஒரு நொடி பளிச்சுன்னு எரிஞ்சு அடங்கிடுச்சு. நல்ல சகுனம்.

வால்வுகளை மாட்டி, ஸ்பீக்கர் இணைப்பைச் சரிபார்த்து (ஸ்பீக்கர் இல்லாம வால்வு ஆம்ப்பை ஓட்டினா நல்லா இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே செத்துப் போகலாம்), நேரா மெயின்ஸ்ல போட்டு வாசிக்கச் சொன்னேன். இருபத்திரண்டாவது நிமிஷம் ஹம் வந்தது. ஹம் வந்தா அதோட சுருதியைக் கேளுங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையரைத் தாண்டி வர்ற ஹம் அதுல ரெண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ். கிட்டார்ல லோ ஈ தந்தியோட மூணாவது ஃப்ரெட்ல வர்ற ஜி 98 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே சுருதிதான். அதுக்கு ஒரு ஆக்டேவ் கீழே கேட்டா ஃபிலமென்ட் ஒயரையோ எர்த்தையோ சந்தேகப்படணும். அமெரிக்க வீடியோக்கள்ல 120, 60ன்னு சொல்வாங்க, குழம்பாதீங்க. எங்களுக்குக் கேட்டது ஜிக்குப் பக்கத்துல. அதாவது பவர் சப்ளை பக்கம், இல்லன்னா பவர் வால்வு பக்கம்.

ரூம் லைட்டை அணைச்சேன். ஒரு 6வி6 வழக்கமான ஆரஞ்சு நிறத்துல இருந்தது. இன்னொண்ணோட உள்ளே இருக்கிற சாம்பல் நிறத் தகடே செக்கச்செவேல்னு பழுத்திருந்தது. உடனே அணைச்சோம். வால்வு கெட்டிருக்கா, இல்ல வால்வைக் கெடுக்கிறது வேற ஏதாவதா? ஆற வச்சு, ரெண்டு வால்வையும் இடம் மாத்தி மாட்டினேன். மறுபடியும் அதே சாக்கெட்ல இருந்ததுதான் சிவந்தது. இந்த ஒரு சோதனைக்குப் பைசா செலவில்லை. அந்தக் கடை இதைச் செஞ்சிருந்தா ஒரு ஜோடி வால்வோட காசு மிச்சமாகியிருக்கும்.

வால்வைத் தண்ணிக் குழாய் மாதிரி நினைச்சுக்குங்க. அதுல கிரிட்தான் திருகு. இந்த சர்க்யூட்ல கத்தோட் சுமார் 20 வோல்ட்ல இருக்கும், கிரிட் பூஜ்யத்துல இருக்கும். அந்த 20 வோல்ட் வித்தியாசம்தான் திருகைப் பாதி மூடி வச்சிருக்கு. கிரிட்டுக்கு முந்தின கட்டத்துல சுமார் 200 வோல்ட் டிசி நிக்குது. அதைத் தடுத்து, இசையை மட்டும் உள்ளே விடுற வாசல் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர். அது கொஞ்சம் கசிஞ்சாலும் கிரிட் பாசிட்டிவ் ஆகும், திருகு தானாத் திறந்துக்கும். 6வி6 வால்வுக்குச் சொல்ற வரம்பு 12 வாட். 5இ3 சும்மாவே அந்த வரம்பை ஒட்டி ஓடுற சர்க்யூட், தாங்காது.

ஹம் எதுக்குன்னும் இங்கேயே புரியும். ரெண்டு வால்வும் சமமா இழுத்தா சப்ளையோட ஹம் டிரான்ஸ்ஃபார்மர்ல ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், நமக்குக் கேட்காது. ரெண்டுக்கும் ஒரே ரெசிஸ்டர் என்பதால, ஒண்ணு அதிகமா இழுத்தா இன்னொண்ணு காயும். கீழ் வீட்டுக்காரர் மோட்டார் போட்டா மாடிக்குத் தண்ணி வராது இல்லையா, அதே. சமநிலை போச்சு, ஹம் வெளியே வந்தது, பேஸ் கலங்கினது. டிரான்ஸ்ஃபார்மர் கெட்ட மாதிரியே நடிச்சது. இன்னும் சில வாரம் அப்படியே ஓட்டியிருந்தா உண்மையாவே கெட்டிருக்கும்.

இனி அளக்கணும். கறுப்பு ப்ரோபை முன்கூட்டியே சேஸிஸ்ல கிளிப் போட்டுட்டு, ஒரு கையால மட்டும் சிவப்பு ப்ரோப். இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள. இது ஸ்டைலுக்காக இல்ல. ஷாக் அடிச்சாலும் ரெண்டு கைக்கும் நடுவுல நெஞ்சு வழியாப் போகக் கூடாது. கிரிட், அதாவது 5ஆவது பின்: ஆன் பண்ணினப்போ பூஜ்யம். இருபது நிமிஷம் கழிச்சு 8 வோல்ட். கத்தோட் 20ல இருந்து 25க்கு ஏறியிருந்தது.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. கெட்ட வால்வும் கிரிட்ல வோல்டேஜ் காட்டும். அணைச்சு, 10 கே ரெசிஸ்டர் வழியா கெப்பாசிட்டர்களை வடிச்சு, மீட்டர்ல உறுதி பண்ணிட்டு, ரெண்டு 6வி6 வால்வையும் கழட்டினேன். திரும்ப ஆன் பண்ணினா அந்த பின்ல பூஜ்யம். நண்பன் முகம் விழுந்தது. அவன் வீட்டு ஹேர் ட்ரையரை வாங்கி அந்தக் கெப்பாசிட்டர் மேல மட்டும் சூடு காட்டினேன். 1, 3, 5, 7. வால்வே இல்லாத சாக்கெட்ல 7 வோல்ட்!

அதை வெளியே எடுத்து சாதாரண மல்டிமீட்டர்ல பார்த்தா நல்லாத்தான் இருந்தது. சில வோல்ட்டுல கசியாது, 200 வோல்ட்டும் சூடும் சேர்ந்தாத்தான் கசியும். என்ன கெப்பாசிட்டர்னு பார்த்தா, எண்ணெயில ஊறின காகிதம் வச்ச, பல பத்தாண்டு பழைய சரக்கு. ரேடியோ காலத்து டோனுக்காகன்னே தேடிப் பிடிச்சுப் போட்டிருக்காங்க. அந்த ஆம்ப்போட விளம்பரத்துலயே பெருமையாச் சொல்லியிருந்தாங்களாம்.

வெள்ளிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 0.1 மைக்ரோஃபேரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ரெண்டு வாங்கினோம். ரெண்டும் சேர்த்தே ஒரு பிரியாணி விலை வரலை. அடுத்த சாக்கெட்டோட கெப்பாசிட்டரும் அதே வயசுக்காரர் என்பதால அதையும் மாத்தினேன். சிவந்த வால்வுகளை நம்ப முடியாது, அவன்கிட்ட இருந்த பழைய ஜோடியையே மாட்டினோம். ரெண்டு மணி நேரம் வாசிச்சான். கிரிட் பூஜ்யம், கத்தோட் 20, இருட்டுல ரெண்டும் ஒரே ஆரஞ்சு.

சனிக்கிழமை ஷோ முடிஞ்சு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெசேஜ். ஹம் இல்லையாம், கடைசிப் பாட்டு வரைக்கும் சத்தம் குறையலையாம். கீழே இன்னொரு வரி: "ஆனா டோன் கொஞ்சம் மாறின மாதிரி இருக்குடா, அந்தப் பழைய கெப்பாசிட்டரைத் தூக்கிப் போட்டுடலையே?"

என் மேஜை டிராயர்லதான் இருக்கு. நான் இன்னும் பதில் போடலை.