கோபத்துக்கு ரெண்டு வாத்தியார்!

ராத்திரி ஒன்பதரை மணி. ஹாஸ்டல் மொட்டைமாடி. அன்னிக்குத்தான் செமஸ்டர் ரிசல்ட். போனில் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "சாப்பிட்டியாடா?"

அதுக்கு நான் கத்தின கத்தலில் தண்ணி டேங்க் பக்கம் உட்கார்ந்திருந்த ஜூனியர் பசங்க எழுந்து கீழே போயிட்டாங்க. போனை கட் பண்ணிட்டு நின்னப்போதான் புரிஞ்சது. எனக்குக் கோபம் அம்மா மேல் இல்லை. பேப்பர் திருத்தினவர் மேல், முதல் யூனிட்டைப் படிக்காமல் விட்ட என் மேல், 'நான் எல்லாம் க்ளியர்டா'ன்னு சிரிச்ச ரூம்மேட் மேல். ஆனா அவங்க யாரையும் நான் ஒரு வார்த்தை திட்டலை. திட்டு வாங்கினது, சாப்பிட்டியான்னு கேட்ட ஒரே ஜீவன்.

கோபத்தைக் குறைக்க வழி சொல்கிற சாமியார், குரு, மோட்டிவேஷன் மாஸ்டர்களுக்கு நாட்டில் பஞ்சமே இல்லை. அதில் நான் படிச்சுப் பார்த்தது ரெண்டே ரெண்டு பேரை. ஒருத்தர் வேதாத்திரி மகரிஷி, இன்னொருத்தர் ஜே.கிருஷ்ணமூர்த்தி. ரெண்டு பேருக்கும் நம்ம சென்னையோடு நெருக்கமான சம்பந்தம் உண்டு. ஒருத்தர் நோட்டு போட்டு எழுதச் சொல்கிறார். இன்னொருத்தர் அந்த நோட்டையே தூக்கிப் போடச் சொல்கிறார். நடுவில் நான்!

கூடுவாஞ்சேரிக்காரர்

செங்கல்பட்டு லைன் எலெக்ட்ரிக் டிரெயினில் போகிற பசங்களுக்குக் கூடுவாஞ்சேரி என்பது ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். வேதாத்திரி பிறந்தது அங்கேதான், 1911 ஆகஸ்ட் 14-ல், ஒரு நெசவாளர் வீட்டில். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். அப்புறம் தறிதான். பிறகு சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் கத்துக்கிட்டு வைத்தியம் பார்த்தார். ஜவுளித் தொழிலில் இறங்கி நிறைய பேருக்கு வேலை கொடுத்தார். நஷ்டத்தையும் பார்த்தார். கல்யாணம் பண்ணிக்கிட்டு, குடும்பத்துக்குள் இருந்துகொண்டே ஞானம் பேசினவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் இருக்கிற அறிவுத் திருக்கோயில் 1984-ல் வந்தது. 2006 மார்ச் 28-ல் காலமானபோது அவருக்கு வயசு 94. 'வாழ்க வளமுடன்'னு யாராவது உங்களை வாழ்த்தியிருந்தால், அதுக்குப் பின்னால் இருக்கிறது இவர்தான்.

அவருடைய மனவளக்கலையில் தியானம், உடற்பயிற்சி, காயகல்பம் எல்லாம் உண்டு. என்னைப் பிடிச்சு இழுத்தது அது இல்லை, தற்சோதனை என்கிற பகுதி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார்னு ஒரு வரிசை. கவனிச்சீங்களா? ஆசையை 'ஒழி'ன்னு சொல்லலை, 'சீரமை'ங்கிறார். பைக் வாங்கணும்னு ஆசைப்படு, தப்பில்லை. தேவையா, வசதி இருக்கா, வாங்கினால் என்ன விளைவுன்னு யோசிச்சுட்டு ஆசைப்படு. வீட்டு வாடகை கட்டின மனுஷன் பேசுகிற பேச்சு இது.

கவலை விஷயத்திலும் அப்படித்தான். பிரச்னைகளை நாலு வகையாகப் பிரிக்கச் சொல்கிறார்: அனுபவிச்சே தீரவேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் பண்ணவேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. என் அரியரை எதில் போடுவதுன்னு அரை மணி நேரம் யோசிச்சேன். உடனே தீர்க்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த எக்ஸாம் வரைக்கும் அனுபவிச்சும் தீரணுமே!

சரி, கோபத்துக்கு வருவோம். ஊரில் மனவளக்கலை மன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த எங்க சீனியர் அண்ணா ஒருத்தர், ஒரு ரூல்டு நோட்டை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். யார் மேல் கோபம் வந்தது, எத்தனை தடவை, எதனால், யார் பக்கம் தப்பு, அதனால் என்ன ஆச்சு. "ஒரு வாரம் எழுது. மறைக்காம எழுது. வேற ஒண்ணும் பண்ணவேண்டாம்"னார்.

எழுதினேன். ஏழு நாளில் பதினாலு தடவை. அதில் அம்மா மேல் ஆறு, தம்பி மேல் மூணு, ரூம்மேட் மேல் மூணு, மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் மேல் ரெண்டு. லேபில் எல்லார் முன்னாடியும் என்னை வறுத்தெடுத்தவர் மேல்? சைபர்! அவர் முன்னாடி நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்னேன். அன்னிக்கு சாயங்காலம் தம்பி பேர் நோட்டில் ஏறியிருந்தது.

வேதாத்திரி சொல்வதும் இதைத்தான். கோபம் அதிகமாகப் பாய்வது நமக்கு ரொம்ப வேண்டியவங்க மேல்தான். கூடவே இருப்பவங்க, நமக்காக உழைப்பவங்க, திருப்பி அடிக்கமாட்டாங்கன்னு நமக்குத் தெரிஞ்சவங்க. 'எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது'ன்னு காலரைத் தூக்கிவிடுகிற நம்ம கோபத்துக்கு, ஆள் பார்க்க மட்டும் நல்லாவே கண்ணு தெரியுது! அந்த நோட்டைப் பார்த்தப்போ எனக்கு வந்தது ஞானம் இல்லை பாஸ், கூச்சம்.

அடுத்த ஸ்டெப், பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிற ஆளை எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே யோசிச்சு, மனசைத் தயார் பண்ணி வைப்பது. அவங்களை மனசார வாழ்த்துவதும் இதில் சேர்த்தி. கோபத்தை உள்ளே போட்டு அமுக்குவது அவர் கணக்கில் தவிர்ப்பது ஆகாது. காரணத்தைப் பிரிச்சுப் பார்த்து, அது வருகிற வழியை மாத்தணும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேதாத்திரி புத்தகங்களில் வான்காந்தம், சீவகாந்தம்னு வருகிற விளக்கங்களை என்னால் இயற்பியலாக எடுத்துக்க முடியலை. முதல் வருஷம் படிச்ச காந்தம் வேற, இது வேற. ஆனால் அந்த நோட்டு வேலை செய்யுது. அதுக்குக் காந்தம் தேவைப்படலை.

அடையாற்றங்கரைப் பையன்

ரெண்டாவது வாரம்தான் சிக்கல். என் நோட்டில் எண்ணிக்கை பதினாலிலிருந்து ஒன்பதாச்சு. சந்தோஷம்! மூணாவது வாரம் ஆறு. செம சந்தோஷம்! ரூம்மேட்டிடம் பெருமை அடிச்சேன். "போடா, நீ கோபத்துக்கும் ஜிபிஏ போட ஆரம்பிச்சுட்டே"ன்னு அவன் சிரிச்சான். சுருக்னு குத்தியது. அவன் பேர் அன்னிக்கு ஏழாவதாக ஏறியது!

அந்த நேரத்தில்தான் லைப்ரரியில் ஜே.கே. கிடைச்சார்.

1895-ல் ஆந்திராவின் மதனப்பள்ளியில் பிறந்தவர். பத்து வயசில் அம்மாவை இழந்தார். அப்பாவுக்கு அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் வேலை கிடைக்க, 1909-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. படிப்பு வராத, வகுப்பில் அடி வாங்குகிற, எப்பவும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற பையன். அவனை அடையாற்றங்கரையில் பார்த்த லெட்பீட்டர் என்கிற தியசாபிஸ்ட், 'உலகத்துக்கு வரப்போகிற மகா குரு இவன்தான்'னு முடிவு பண்ணிவிட்டார். அன்னி பெசன்ட் அம்மையார் பையனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1911-ல் அவனைத் தலைவனாக வைத்து ஒரு சங்கமே உருவானது. நமக்கு பிளஸ் டூவில் 'நீ இன்ஜினீயர்தான்'னு வீட்டில் முடிவு பண்ணினாங்க. அவருக்கு பதினாலு வயசில் 'நீ கடவுள் மாதிரி'ன்னு முடிவு பண்ணினாங்க. எந்த பிரஷர் பெரிசு, நீங்களே சொல்லுங்க.

இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் மகா குரு திரும்பத் திரும்ப ஃபெயில்! (இதைப் படிச்சப்போ எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசமே வந்துருச்சு.) அப்புறம் 1925-ல், உயிருக்குயிரான தம்பி நித்யா அமெரிக்காவில் காசநோயால் இறந்துபோனார். தம்பிக்கு ஒன்றும் ஆகாது, மகான்கள் காப்பாற்றுவார்கள் என்று ஜே.கே. நம்பியிருந்தார். செய்தி வந்தபோது அவர் இந்தியாவுக்கு வரும் கப்பலில். அழுது தீர்த்தார். அந்த நம்பிக்கையில் விழுந்த ஓட்டை அப்புறம் அடைபடவே இல்லை.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்தில் ஓம்மன் என்கிற ஊரில் முகாம். அன்னி பெசன்ட் உட்பட மூவாயிரம் பேருக்கு மேல் எதிரில் இருக்கிறார்கள். ஜே.கே. எழுந்து, தன் பெயரால் நடந்த அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டார். எனக்குச் சீடர்கள் வேண்டாம், உண்மைக்கு யாரும் பாதை போட்டுத் தரமுடியாது என்பதுதான் சாரம். நன்கொடையாக வந்த கோட்டை, நிலம் எல்லாம் திரும்பிப் போனது. அப்போ அவர் வயசு 34.

இந்த மனுஷன் என் நோட்டைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? நேரில் கேட்க முடியாது. 1986 பிப்ரவரி 17-ல் அமெரிக்காவின் ஒஹாய் என்ற ஊரில் இறந்துவிட்டார். அதுக்குச் சில வாரங்கள் முன்னால், ஜனவரியில், கடைசி பொதுப்பேச்சைப் பேசியது சென்னை கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில். புத்தகங்களிலிருந்து எனக்குப் புரிஞ்ச அளவில் அவர் வாதம் இப்படிப் போகும். நீ கோபக்காரன். இது உண்மை. 'நான் சாந்தமானவனாக ஆகப்போறேன்', இது கற்பனை. அந்தக் கற்பனையைப் பிடிச்சுக்கிட்டதும், இருக்கிற கோபத்தைப் பார்க்கிறதை விட்டுடறே. 'அடுத்த வாரம் குறைஞ்சிடும்'னா, இந்த வாரத்துக்கு லைசென்ஸ் கிடைச்சிடுச்சு! அதோடு, நேத்து இருந்த என்னோடு இன்னிக்கு இருக்கிற என்னை ஒப்பிடுவதும் ஒப்பீடுதான், பக்கத்து பெஞ்சுக்காரனோடு ஒப்பிடுவது மாதிரியே.

ஒப்பீடு என்பது அவருக்கு ஆகவே ஆகாத விஷயம். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டால் அங்கே பயம்தான் முளைக்கும், கல்வி முளைக்காதுன்னு வாழ்நாள் முழுக்கப் பேசினார். சும்மா பேசினதோடு நிற்கலை. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி உட்பட, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர் பெயரோடு சேர்ந்த பள்ளிகள் இருக்கு.

அப்போ கோபத்தை என்னதான் பண்றது? பார். அவ்வளவுதான். நியாயப்படுத்தாமல், திட்டாமல், துரத்தாமல் பார். 'கோபம்'னு பேர் வைக்காமல் பார்க்க முடியுமான்னு கேட்கிறார். பேர் வெச்ச உடனே பழைய கோபங்கள் எல்லாம் அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே வந்துடுமாம். அப்புறம் நீ பார்க்கிறது புதுசை இல்லை, பழசை. முதல் தடவை படிச்சப்போ 'இது என்ன, சிலபஸ் இல்லாத பேப்பர் மாதிரி'ன்னு புத்தகத்தை மூடிவிட்டேன். ரெண்டாம் தடவை படிச்சப்போ ரிசல்ட் நாள் ஞாபகம் வந்தது. அன்னிக்கு 'சாப்பிட்டியாடா'ங்கிற கேள்வி எனக்குக் கேட்கவே இல்லை. அதுக்கு முந்தின இருபது போன்கால்தான் கேட்டது.

ஜே.கே.யைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் தயாராக இல்லை. அமைப்பே வேண்டாம்னு கலைச்சவர் பெயரில் அப்புறம் ஃபவுண்டேஷன்கள் வந்தன. பல வருஷம் கூடவே இருந்து அவருடைய காரியங்களைப் பார்த்துக்கொண்ட ராஜகோபாலோடு, புத்தக உரிமை, சொத்து விவகாரத்தில் கோர்ட் வரைக்கும் போய், 1974-ல்தான் சமரசம் ஆனது. கோபம் பற்றி இவ்வளவு பேசினவருக்கும் ஒரு கேஸ் கட்டு இருந்திருக்கு. அதனால அவர் சொன்னது பொய்னு ஆகிடாது. சுலபம் இல்லைன்னு மட்டும் தெரியுது.

நோட்டை என்ன பண்ண?

சீனியர் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "ஜே.கே. சொல்றது சரிதான்டா. ஆனா நோட்டு எழுதலைன்னா, லேபில் சைபர், அம்மா மேல் ஆறுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"ன்னு கேட்டார். தெரிஞ்சிருக்காது. ஆனால், எண்ணிக்கை குறையுதேன்னு குஷியானப்போ நான் அம்மாவை நினைக்கவே இல்லை, என் ஸ்கோரைத்தான் நினைச்சேன். இதுவும் உண்மை. முதல் வாரத்துக்கு நெசவாளர் சரி. மூணாவது வாரத்துக்கு அடையாற்றுப் பையன் சரி. அதுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியலை. இப்போ எண்ணிக்கை போடுவதை நிறுத்திவிட்டேன். யார், எதனால்னு மட்டும் எழுதறேன். இது ரெண்டு பேருக்குமே பிடிக்காதுன்னு நினைக்கிறேன்!

போன ஞாயித்துக்கிழமை அம்மா போன். எடுத்த எடுப்பில், "நம்ம மாமா பையனுக்கு கேம்பஸ்ல வேலை கிடைச்சிடுச்சாம்டா..."

அவ்வளவுதான். காது சூடாச்சு. தாடை இறுகுச்சு. வழக்கமான டயலாக் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. சும்மா பார்த்துக்கிட்டு நின்னேன். அஞ்சு செகண்ட் இருக்கும், பத்து செகண்ட் இருக்கும், தெரியலை.

"டேய்... லைன்ல இருக்கியா? என்னடா பேச்சே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இருக்கேம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?"

இதை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சோ. எதிர்ப்பக்கம் இப்போ அம்மாவிடம் பேச்சைக் காணோம்.