மூத்த மகன் இல்லாத மாளிகைகள்

தெற்கே வளர்ந்த சென்னை – 12

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்தது. இந்த அச்சம்தான் கம்பெனிக்காரர்களைக் கோட்டைச் சுவருக்குள்ளேயே கட்டிப்போட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு அச்சம் விலகியது. வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள் அடையாற்றங்கரைக்கு வந்து தோட்டவீடுகள் கட்டுவது பெருகியது.

அவர்கள் மனத்தில் இருந்தது சொந்த நாட்டுக் கிராமத்துப் பிரபுவின் மாளிகை. அத்தகைய மாளிகைகளில் புகழ்பெற்றது டெர்பிஷையரில் 1590 முதல் 1597 வரை எழுந்த ஹார்ட்விக் ஹால். அதன் முகப்பு முழுவதும் உயரமான கண்ணாடி ஜன்னல்கள். குளிர் நாட்டில் வெயில் செல்வம். அதை வீட்டுக்குள் வரவழைக்கத்தான் அத்தனை கண்ணாடி.

சென்னையில் அந்தக் கணக்கு தலைகீழானது. இங்கே வெயிலை வெளியே நிறுத்த வேண்டும், பிற்பகலில் வீசும் கடல்காற்றை உள்ளே விட வேண்டும். அதனால் தூண்கள் மட்டும் ஐரோப்பிய சாயலில் நிற்க, மற்றதெல்லாம் நம் மண்ணுக்கு ஏற்ப மாறியது. அகன்ற தாழ்வாரம், கூண்டு வண்டி வந்து நிற்கப் போர்டிகோ, ஜன்னலில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி, புகையும் சூடும் அண்டாதபடி தனியே ஒதுங்கிய சமையற்கட்டு. சரிவான கூரைக்குப் பதில் தட்டையான மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி பரப்பி, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம். சுவருக்குக் கடற்சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி, பளிங்குபோல மின்னும்வரை தேய்த்தார்கள். வரைபடம் துரையுடையது என்றாலும் அந்த வீட்டை வாழத்தக்கதாக ஆக்கிய அறிவு நம் கொத்தனார்களுடையது, தளம் அடித்த பெண்களுடையது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கட்டடத்தைவிடப் பெரிய வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் மாளிகையைச் சுற்றியுள்ள வயலின் குத்தகைதான் அதற்குச் சோறு போட்டது. நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் வழக்கத்தால் பல தலைமுறைகளுக்கு அது துண்டாகவில்லை. சென்னைத் துரைக்கு வருமானம் சம்பளமும் வியாபாரமும்தான். பணம் சேர்ந்ததும் கப்பலேறுவார், இல்லையென்றால் இங்கேயே மடிவார். 1796இல் அடையாற்றங்கரையில் 11 ஏக்கர் பெற்று, கோட்டைக் கொத்தளம் போன்ற முகப்புடன் வீடு கட்டிய ஜேம்ஸ் பிராடி, சில ஆண்டுகளிலேயே அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். வீடு கைமாறிக்கொண்டே இருந்தது. தோட்டவீடுகள் பலவும் இப்படிக் கைமாறி, கடைசியில் மனைகளாகப் பிரிந்து, இன்று தெருப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

பிழைத்தவை எவை? ஏதேனும் ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டவை. பிராடி காஸில் பின்னாளில் அரசு இசைக் கல்லூரியானது. ஆற்றின் தென்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882இல் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் பிரம்மஞான சபைக்காக வாங்கினார்கள். கிண்டியின் கதை இன்னும் பழையது. கவர்னர் வில்லியம் லாங்ஹார்ன் 1670களில் அமைத்த ஓய்வு வீடு அது; பல கை மாறி, தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த 1821இல் அரசுக்கு வந்தது. அதைச் சூழ்ந்த காட்டிலிருந்துதான் 1959இல் ஐஐடிக்கு இடம் கிடைத்தது. 1978இல் சுமார் 270 ஹெக்டேர் தேசியப் பூங்காவானது. வெளிமானும் புள்ளிமானும் மாநகரின் நடுவே மேய்வது இதனால்தான். இங்கிலாந்தில் மூத்த மகன் செய்ததை இங்கே நிறுவனங்கள் செய்தன: நிலத்தைத் துண்டாக விடவில்லை.

தாம்பரத்திலும் இதுவே நடந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வடிவமைத்த கட்டடங்களைச் சூழ்ந்து 300 ஏக்கருக்கு மேல் மரங்கள் நிற்கின்றன.

2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, மழைநீரை வாங்கிக்கொள்ளும் திறந்த மண்ணின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று பேசும்போது நாம் தூண்களையும் வளைவுகளையும் மட்டுமே எண்ணுகிறோம். தோட்டவீட்டில் தோட்டம்தான் முதல் சொத்து. தென்சென்னையில் இன்னும் துண்டாகாமல் இருக்கும் ஒவ்வொரு வளாகத்தையும், கட்டடத்தோடும் மரத்தோடும் மண்ணோடும், ஒரே சொத்தாகப் பதிந்து காக்கச் சட்டம் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் இங்கே வாழும் நாம்தான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பரங்கிமலைப் படைவீடுகள்